கண்ணில் படாத விரிசல்

1979 மே 25 அன்று சிகாகோவில் மேலெழுந்த டிசி-10 பயணிகள் விமானத்தின் இடப்புற எஞ்சின் கழன்று விழுந்தது. விமானத்திலிருந்த 271 பேரும் தரையிலிருந்த இருவரும் மாண்டனர். ஏறத்தாழ எட்டு வாரங்களுக்கு முன், பராமரிப்பாளர்கள் நேரத்தை மிச்சப்படுத்த, எஞ்சினையும் அதைத் தாங்கும் அமைப்பையும் தனித்தனியே கழற்றாமல், பளுதூக்கி வண்டியால் ஒன்றாகவே இறக்கியிருந்தனர். உற்பத்தியாளர் வகுத்த முறை அதுவன்று. அப்போது ஏற்பட்ட விரிசல் எவர் கண்ணிலும் படவில்லை.

அதே ஆண்டில், நம் கம்பம் பள்ளத்தாக்கை வாழவைக்கும் பெரியாறு அணையின் உறுதி பற்றி ஐயம் எழுந்தது. நீர்மட்டத்தை 136 அடியாகக் குறைத்து, பல ஆண்டுகள் செலவிட்டு, மேலே காங்கிரீட் பளு, உள்ளே எஃகு வடங்கள், பின்புறம் காங்கிரீட் தாங்கல் எனப் படிப்படியாகப் பலப்படுத்தினர்.

விமானமாயினும் அணையாயினும், முறையைச் சுருக்கும்போது நாம் மிச்சப்படுத்துவது நம் நேரத்தை. பணயம் வைப்பதோ நம்மை நம்பியிருப்போரின் உயிரை.