கொலம்பஸ் திரைப்படமும் ஒரு வாசகரின் கடிதமும்

கிறிஸ்தோபர் கொலம்பஸ் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து 500 ஆண்டுகள் நிறைவுற்ற 1992ஆம் ஆண்டில் அவரைப் பற்றிய இரண்டு பெரிய திரைப்படங்கள் வெளியாகின. ஓகஸ்ட் மாதத்தில் வந்தது ஜோன் கிளென் இயக்கிய படம். ஒக்டோபரில் வந்தது ரிட்லி ஸ்கொட் இயக்கிய '1492: கொன்குவெஸ்ட் ஒஃப் பரடைஸ்'. அமெரிக்காவில் இரண்டுக்குமே எதிர்பார்த்த வரவேற்புக் கிடைக்கவில்லை. முதற்படத்தில் நடித்த மார்லன் பிராண்டோ, பூர்வகுடிகள் மீதான கொடுமைகளைப் படம் காட்டவில்லை என்ற அதிருப்தியில் தமது பெயரை அதிலிருந்து நீக்குமாறு கோரியதாக அப்போது செய்திகள் வெளியாகின.

இரண்டாவது படத்தை நான் சில காலம் கழித்து, கொழும்பில் வாடகைக்கு எடுத்த வீடியோ கசெற்றில், பத்திரிகை அலுவலக நண்பர்கள் நால்வருடன் பார்த்தேன். படம் முடிந்ததும் விவாதம் தொடங்கிவிட்டது. கொலம்பஸாக நடித்த பிரெஞ்சு நடிகர் ஜெரார்ட் டிபார்டியூவின் ஆங்கிலம் காதில் ஏறவில்லை என்றார் ஒருவர். வான்ஜெலிஸின் இசைக்காகவே மீண்டும் பார்க்கலாம் என்றார் இன்னொருவர். (பின்னாளில் ஜேர்மன் குத்துச்சண்டை வீரர் ஹென்றி மாஸ்கே மேடையேறும்போது அந்த இசையே ஒலித்தது. ஜேர்மனியில் அது பெரும் விற்பனை கண்டது.) எங்கள் ஒப்புநோக்காளர் மட்டும், "கொலம்பஸை இவ்வளவு நல்லவராகக் காட்ட வேண்டிய தேவை என்ன?" என்று கேட்டார். அவருக்கு நாங்கள் எவரும் சரியான பதில் சொல்லவில்லை.

உலகெங்கும் அபிப்பிராயங்கள் இவ்வாறே பிரிந்து நின்றன. பாடநூல் நாயகனைக் காண வந்தவர்களுக்குப் படத்தின் பிற்பகுதியில் வரும் இரத்தமும் தோல்வியும் கசந்தன. பூர்வகுடிகளின் பக்கம் நின்றவர்களுக்கோ படம் போதிய உண்மையைச் சொல்லவில்லை. அந்த ஆண்டின் சூழலும் அப்படிப்பட்டது. எதிர்ப்புக் காரணமாக டென்வர் நகரில் கொலம்பஸ் தின ஊர்வலம் கைவிடப்பட்டது. கலிபோர்னியாவின் பேர்க்லி நகரம் அதே நாளைப் பூர்வகுடிகள் தினமாக அனுஷ்டித்தது. குவாத்தமாலாவின் மாயா இனப் பெண் ரிகொபெர்டா மென்சுவுக்குச் சமாதானத்துக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டதும் அதே ஒக்டோபரில்தான்.

நான் எங்கள் ஞாயிறு பதிப்பில் அப்படத்தைப் பற்றி எழுதினேன். ஒளிப்பதிவையும் இசையையும் புகழ்ந்தேன். 'நல்ல நோக்கத்துடன் சென்ற ஒருவரின் கனவு, பேராசைக்காரர்களின் கையில் சிதைந்த கதை' என்ற பொருளில் முடித்தேன். இரு வாரங்களின் பின்னர் கிழக்கு மாகாணத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கடிதம் எழுதினார். அதன் சாரம் இதுதான்: "பொன் கொண்டுவராத மனிதனின் கையை வெட்டியவனின் பெயரைப் படம் சொல்கிறது. அந்த வரியை விதித்தவனின் பெயரைப் படம் அழுத்திச் சொல்லவில்லை. நீங்களாவது சொல்லியிருக்கலாமே, ஐயா."

அந்தக் கடிதத்தை நான் பிரசுரிக்கவில்லை. இடமில்லை என்று எனக்கு நானே காரணம் கூறிக்கொண்டேன். உண்மையில், அவர் கேட்டதற்குப் பதில் சொல்லும் அளவுக்கு நான் வாசித்திருக்கவில்லை. பின்னர் வாசித்தேன்.

ஆவணங்கள் கூறுவது

படத்தில் கையை வெட்டுபவன் மொக்சிகா என்ற பிரபு. அதைக் கண்டு கொலம்பஸ் கொதித்தெழுகிறார். அத்ரியான் டி மொக்சிகா உண்மையில் வாழ்ந்தவன்தான். ஆனால், கொலம்பஸின் நிர்வாகம் 1500இல் அவனுக்கு மரண தண்டனை விதித்தது கிளர்ச்சி செய்ததற்காகவே, பூர்வகுடி ஒருவரின் கைக்காக அல்ல.

பொன் வரியோ கொலம்பஸினுடையது. எஸ்பானியோலாத் தீவின் பொன் விளையும் பிரதேசத்தில் 14 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஒரு சிறு மணி நிறையப் பொற்றூள் கொண்டுவர வேண்டும் என்பது விதி. ஆற்று மணலில் அவ்வளவு பொன் இருக்கவில்லை.

1494 ஏப்ரல் 9ஆந் திகதி தமது தளபதி பெத்ரோ மார்கரித்துக்கு கொலம்பஸ் வழங்கிய எழுத்துமூலக் கட்டளையும் எஞ்சியுள்ளது. பூர்வகுடிகள் எவராவது களவு செய்தால் மூக்கையும் காதுகளையும் அறுக்கும்படி அது பணிக்கிறது. அவை மறைக்க முடியாத உறுப்புகள் என்ற காரணமும் அதிலேயே கூறப்படுகிறது. மறு ஆண்டு, 1495இல், சுமார் 1,600 பேர் பிடிக்கப்பட்டு, அவர்களுள் ஏறத்தாழ 550 பேர் அடிமைகளாக ஸ்பெயினுக்கு ஏற்றப்பட்டனர். ஏறக்குறைய 200 பேர் கடலிலேயே மாண்டனர். இதனை எழுதிவைத்தவர் எதிரி அல்லர். அதே கப்பலில் பயணம் செய்த கொலம்பஸின் நண்பர் மிக்கேலே டா குனேயோ.

கொலம்பஸைக் கைதுசெய்து விலங்கிட்டு அனுப்பிய பொபதில்லாவின் விசாரணை அறிக்கை நெடுங்காலம் காணாமற்போயிருந்தது. அதன் பிரதி சிமன்காஸ் ஆவணக் காப்பகத்தில் கண்டெடுக்கப்பட்டு, வரலாற்றாசிரியை கொன்சுவேலோ வரேலாவினால் 2006இல் நூலாக்கப்பட்டது. 23 சாட்சிகளின் வாக்குமூலங்கள் அதில் உள்ளன. சாட்சிகளுள் கொலம்பஸின் பகைவர்களும் இருந்தனர் என்பதை மறந்துவிடலாகாது. ஆயினும் 1494ஆம் ஆண்டுக் கட்டளை பகைவர் எழுதியதல்ல.

படத்திற்கும் நியாயமாக ஒன்றைக் கூற வேண்டும். ஒரு தோடம்பழத்தைக் காட்டி உலகம் உருண்டை என்று மகனுக்கு விளக்கும் காட்சியைப் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். உலகம் தட்டை என்று நம்பிய அறிஞர்களை கொலம்பஸ் வென்றார் என்ற கதை, வாஷிங்டன் இர்விங் 1828இல் எழுதிய நூலால் பரவியது. அக்காலத்துக் கற்றோர் எவருக்கும் உலகின் வடிவில் ஐயமிருக்கவில்லை. தூரத்தைப் பற்றியே தர்க்கம் நடந்தது. கனேரித் தீவுகளிலிருந்து ஜப்பானுக்கு 2,400 கடல் மைல் என்று கொலம்பஸ் கணித்தார். உண்மைத் தூரம் 10,000 கடல் மைலுக்கும் அதிகம். அறிஞர்களே சரி, அவர் தவறு. இடையில் ஒரு கண்டம் இருந்ததால் அவர் உயிர் தப்பினார்.

இன்னொரு காட்சியும் உண்டு. கொலம்பஸுக்கு மொழிபெயர்ப்பாளனாக இருந்த உதாபான், அவருடைய பாஷையைத் தான் கற்றதாகவும் தன் பாஷையை அவர் கற்கவில்லை என்றும் உணர்த்திவிட்டுக் காட்டுக்குள் மறைகிறான். உதாபான் கற்பனைப் பாத்திரம். ஆனால், முதற்பயணத்திலேயே பிடித்துச் செல்லப்பட்டு, 'தியேகோ கொலோன்' என்று பெயரிடப்பட்டு, மொழிபெயர்ப்பாளனாக்கப்பட்ட ஒருவன் உண்மையில் இருந்தான். அவனது சொந்தப் பெயரை கொலம்பஸ் எழுதிவைக்கவில்லை. அவனது மக்களான தாயினோக்களை எஸ்பானியோலாவில் 1514இல் கணக்கெடுத்தபோது சுமார் 26,000 பேரே எஞ்சியிருந்தனர்.

அவர்களின் சொற்கள் சில நம்மிடமும் வந்து சேர்ந்துள்ளன. யாழ்ப்பாணத்து வீடுகளில் மின்சாரமற்ற இரவுகளில் நாம் ஏற்றிய அரிக்கன் லாம்பின் பெயர், புயலைக் குறிக்கும் தாயினோச் சொல்லிலிருந்து ஸ்பானிய, ஆங்கில மொழிகள் வழியாக வந்தது.

2010இல் இசியார் பொய்யாயின் இயக்கிய ஸ்பானியப் படமான 'தம்பியேன் லா யுவியா' (மழையும்கூட) இக்கதையை வேறு வழியில் சொல்லிற்று. கொலம்பஸ் படமெடுக்க ஒரு குழு பொலிவியாவின் கொச்சபம்பாவுக்குச் செல்கிறது. துணைநடிகர்களுக்கு நாளொன்றுக்கு இரண்டு டொலர் கொடுத்தால் போதும் என்பதே அவ்விடத்தைத் தெரிவுசெய்யக் காரணம். 2000ஆம் ஆண்டில் தண்ணீர் தனியார்மயப்படுத்தப்பட்டதை எதிர்த்து அந்நகர மக்கள் நடத்திய போராட்டத்தினூடே படப்பிடிப்பு நடக்கிறது. அந்தப் படத்துக்குள் எடுக்கப்படும் படத்தில் பொன்வரிக் காட்சியில் கொலம்பஸே நிற்கிறார்.

ஒரு கொடுமையைக் காட்டிவிட்டு, அதனைக் கீழுள்ள ஒரு துஷ்டனின் தலையில் சுமத்துவது சினிமாவுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. கட்டளையைத் தேடாமல் கையை மட்டும் எழுதிய செய்திகளை என் தொழிலிலும் நிறையக் கண்டிருக்கிறேன். சிலவற்றை நானே எழுதியிருக்கிறேன்.

அந்த ஆசிரியரின் முகவரி இடப்பெயர்வுகளின்போது என் பழைய கடதாசிகளோடு போய்விட்டது. அவர் இன்று இருக்கிறாரோ இல்லையோ அறியேன். அவருக்கு அன்றே எழுதியிருக்க வேண்டிய பதில் இது.