மல்லாந்தா தோல்வியா? ரிது போகட் கதை

செவிலிமேட்டுல இருந்து பேசுறேன். பின்னாடி தறிச் சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க, பக்கத்து வீட்டுல முகூர்த்தப் புடவை ஓடுது.

காஞ்சியை ஆண்ட முதலாம் நரசிம்மவர்மனோட பட்டம் மாமல்லன். பெரிய மல்யுத்த வீரன்னு அர்த்தம். மாமல்லபுரம்னு பேர் வந்தது அதனாலதான். ராஜாவே மல்லன்னு பெருமைப்பட்ட ஊர்ல உட்கார்ந்து, இன்னிக்கு மல்யுத்தத்தை விட்டுட்டுப் போன ஒரு பெண்ணைப் பத்திப் பேசப் போறேன்.

ரிது போகட். 1994-ல ஹரியானாவில் பலாலி கிராமத்தில் பிறந்தவர். ‘தங்கல்’ படம் பார்த்திருப்பீங்க. அந்த மகாவீர் சிங் போகட்டோட மூணாவது பொண்ணு. அக்கா கீதா 2010 காமன்வெல்த் விளையாட்டில் தங்கம் வாங்கினவர். ரிதுவும் சளைச்சவர் இல்ல. 2016-ல சிங்கப்பூரில் நடந்த காமன்வெல்த் மல்யுத்தப் போட்டியில் 48 கிலோ பிரிவில் தங்கம், 2017-ல போலந்தில் 23 வயதுக்குட்பட்டோருக்கான உலகப் போட்டியில் வெள்ளி.

அடுத்தது ஒலிம்பிக்னுதான் எல்லாரும் நினைச்சாங்க. ஆனா 2019 தொடக்கத்தில், டோக்கியோவுக்கு ஒன்றரை வருஷம்கூட இல்லாத நேரத்தில், மல்யுத்தத்தை விட்டுட்டு எம்எம்ஏ கத்துக்க சிங்கப்பூர் போயிட்டார். அந்த வீட்டுல பொறந்துட்டு இப்படி ஒரு முடிவு எடுக்கத் தனித் துணிச்சல் வேணும்.

நவம்பர்ல பெய்ஜிங்கில் முதல் சண்டை. முதல் சுற்றிலேயே ஜெயிச்சார். வரிசையா நாலு வெற்றி. 2021 மே மாசம் முதல் தோல்வி. அந்த நிகழ்ச்சியோட பேரே ‘தங்கல்’! திரும்ப எழுந்து, அதே வருஷம் ஒன் சாம்பியன்ஷிப்பின் ஆட்டம்வெயிட் கிராண்ட் பிரீ இறுதிப்போட்டி வரைக்கும் போனார்.

இங்கதான் எனக்குச் சுவாரஸ்யம். மல்யுத்தத்தில் எதிராளியோட ரெண்டு தோளும் பாயில் பட்டா ஆட்டம் முடிஞ்சது. மேல இருக்கிறவர்தான் ராஜா. எம்எம்ஏவில் மல்லாந்து கிடக்கிறவர்கிட்டயும் ஆயுதம் இருக்கு: கால்களால கழுத்தை நெரிக்கலாம், கையைப் பிடிச்சு முழங்கைக்கு எதிரா வளைக்கலாம். சின்ன வயசுல இருந்து ‘கீழ தள்ளு, மேல ஏறு’ன்னு பழகின உடம்புக்கு, மேல இருக்கும்போதே ஆபத்துன்னு புரிய வைக்கிறது லேசுப்பட்ட வேலை இல்ல.

டிசம்பர் 3, சிங்கப்பூர். எதிரே தாய்லாந்தின் ஸ்டாம்ப் ஃபேர்டெக்ஸ். அடிப்படையில் முவாய் தாய்க்காரர். குத்தும் உதையும்தான் அவர் பலம். ரிது அவரைக் கீழ தள்ளினார், நினைச்சபடியே. ஆனா ரெண்டாவது சுற்றில் கீழ கிடந்த ஸ்டாம்ப் ரிதுவோட கையைப் பிடிச்சு ஆர்ம்பார் போட்டுட்டார். மல்யுத்த வீட்டுப் பொண்ணை, உதைக்கிற வீராங்கனை தரையில் வெச்சு ஜெயிச்சார்.

2022-ல இன்னொரு தோல்வி. அப்புறம் நீண்ட இடைவெளி, குழந்தை. 2025 பிப்ரவரியில் கத்தாரில் மறுபடி வந்தார், அங்கயும் தோல்விதான். ஆனாலும் ஸ்டாம்ப் சண்டையை ஒருதரம் தேடிப் பாருங்க. ரிதுவோட முகத்தை விட்டுடுங்க, அவரோட வலது, இடது கை எங்க இருக்குன்னு மட்டும் கவனிங்க.