ஒரே அணி வென்றால் போரடிக்குமா?

2023இல் ஃபார்முலா 1 பந்தயங்கள் 22இல் 21ஐ ரெட் புல் வென்றபோது, பாதியிலேயே டிவியை அணைத்துவிடுவேன். "1988ஐத் தேடிப் பார்" என்றார் அப்பா.

பார்த்தேன். 16இல் 15 மெக்லாரனுக்கு! ஆனால் சென்னாவுக்கு 8, புரோஸ்ட்டுக்கு 7, அணிக்குள்ளேயே மல்லுக்கட்டு. தப்பிய ஒன்று, இத்தாலியின் மோன்சா. ஃபெராரி நிறுவனர் என்சோ இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. முடிய இரண்டு சுற்று இருக்கையில், முன்னால் இருந்த சென்னா இன்னொரு காருடன் மோதி நின்றுவிட, ஃபெராரியின் பெர்கர் வென்றார். (கதையாக எழுதினால் நம்பமாட்டீர்கள்.)

2002இல் ஃபெராரிக்கும் 15 வெற்றிதான். ஆனால் ஆஸ்திரியாவில், முன்னால் போன பாரிச்செல்லோ, அணி உத்தரவிட்டதால் கோட்டருகே ஷூமாக்கருக்கு வழிவிட்டார். கூட்டம் கூச்சலிட்டது. எனக்கும் எரிச்சல் தருவது அந்தக் கடைசிச் சில மீட்டர்தான். அடுத்த ஆண்டு அணி உத்தரவுகளுக்கே தடை வந்தது.