அறுபதாம் நாளும் அறுபத்தோராம் நாளும்

உரிமை என்பது ஏட்டில் எழுதப்பட்ட மாத்திரத்தில் ஏழைக்குக் கிட்டிவிடுவதில்லை. அதைக் கேட்கும் வழியும், கேட்பதற்குரிய காலமும் அவன் கைக்கு எட்டுவனவாயிருத்தல் வேண்டும். நியாயமான காரணமின்றி வேலையினின்றும் நீக்கப்பட்ட தொழிலாளி, மலேசியச் சட்டப்படி 60 நாட்களுக்குள் தொழிலுறவு இலாகாவில் எழுத்து மூலம் முறையிடல் வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் அம்முறையீடு ஏற்கப்படாது. இக்கெடு எங்ஙனம் பிறந்தது, தாமதத்தைப் பொறுக்கும் வாயில் இதற்கு ஏன் இல்லாது போயிற்று என்பதைச் சிறிது ஆராய்வோம்.

வழக்குக்குக் காலவரம்பு கட்டும் வழக்கம் பழமையானது. ஆங்கில நாட்டில் 1623ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்பந்த வழக்குகளுக்கு ஆறாண்டு வரம்பு விதித்தது. ஆயினும் சிறுவர், சித்தம் பேதலித்தோர், சிறையிலிருப்போர், கடல் கடந்திருப்போர் ஆகியோருக்கு அது விலக்களித்தது. தன் வழக்கைத் தானே காக்கவியலாதவன்மீது காலத்தை ஏவுதல் முறையன்று என்பதே அதன் கருத்து. அந்நாட்டின் 1971ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டம், வேலை நீக்கத்தை எதிர்ப்போருக்கு நான்கு வாரமே தந்ததெனினும், அதற்குள் முறையிட இயலாதிருந்தமையை மெய்ப்பிப்போருக்கு வழி திறந்தே வைத்தது. 1974இல் அந்நான்கு வாரமும் மூன்று மாதமாயிற்று.

நிற்க. நம் நாட்டு நிலையைக் காண்போம். பழைய எசமான் - வேலையாள் முறையில், முன்னறிவிப்போ அதற்கீடான சம்பளமோ கொடுத்தால் ஒருவனை நீக்கிவிடலாம். தோட்டத் தொழிலாளிக்கு அதனால் போவது கூலி மட்டுமன்று. லயத்து வீடும் போகும், பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் போகும். 1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, மீண்டும் பழைய வேலையிலேயே அமர்த்தும்படி கேட்கும் உரிமையை வழங்கியது. அதற்கு முன்னர் ஒரு மாதமும், பின்னர் 60 நாட்களும் கெடுவாயின. 'பங் கியோங் ரப்பர்' வழக்கில், 1981இல் சட்ட ஏடுகளில் வெளியான தீர்ப்பில், இக்கெடு கட்டாயமானது, இதை நீட்டிக்க அதிகாரிக்கு உரிமையில்லை என்று கூட்டரசு நீதிமன்றம் உறுதியாகக் கூறிற்று. ஒப்பந்த வழக்குத் தொடர 1953ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம் ஆறாண்டு தருகிறதன்றோ எனின், அவ்வழியில் பெரும்பாலும் கிடைப்பது முன்னறிவிப்புச் சம்பளமே, இழந்த வேலையன்று.

முதலாளிகள் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. சாட்சிகள் சிதறிப் போவர். நீங்கியவன் இடத்தில் வேறொருவன் அமர்ந்திருப்பான். முடிவற்ற அச்சத்தில் ஒரு தொழில் நடவாது. இவையெல்லாம் கெடு வேண்டும் என்பதற்குக் காரணங்களே. பொறுத்தல் கூடாது என்பதற்கு இவை காரணமாகா. தாப்பாவிலும் பீடோரிலும் பால்மரம் வெட்டும் ஒருவன், தனக்கு விளங்காத மொழியில் எழுதிய கடிதத்தைப் பெறுகிறான். துரையிடம் மன்றாடுகிறான், சங்கத்தார் பேசி முடிப்பர் என்று காத்திருக்கிறான். அப்பேச்சு நடக்கும் நாட்களும் 60இல் கழிந்துகொண்டே இருக்கின்றன என்பதை அவனுக்குச் சொல்வார் யார்? சமாதானத்தை நாடியவன் சண்டைக்குப் போனவனைவிட அதிகம் இழப்பது எந்த நீதி?

இந்தியாவில் வேறு நெறி வளர்ந்தது. தக்க காரணமிருப்பின் மேன்முறையீட்டுத் தாமதத்தைப் பொறுக்கலாம் என்பது அங்குக் காலவரம்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவு. 1999இல் சிர்ஹிந்த் கூட்டுறவுச் சங்க வழக்கில், ஏழாண்டு கழித்துக் கேட்ட தொழிலாளியை இந்திய உச்ச நீதிமன்றம் தள்ளிவிடவில்லை. வேலையைத் திருப்பித் தந்து, தாமதத்திற்காக நிலுவைக் கூலியை மட்டும் குறைத்தது. தாமதத்திற்கு விலை உண்டு, ஆனால் உரிமை முழுவதும் அவ்விலையாகாது என்னும் இக்கொள்கை நாம் கைக்கொள்ளத்தக்கது. பின்னர் அந்நாடும், தொழிலாளி நேராக நீதிமன்றம் செல்ல 2010இல் மூன்றாண்டு எல்லை வகுத்து, 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டத்தில் அதை ஈராண்டாகச் சுருக்கியது. அவ்வீராண்டும் நம் 60 நாட்களை நோக்கப் பன்மடங்கு பெரிதே.

நம் சட்டம் வளையவே வளையாது என்பாரும் உளர். கொரோனா நோய்க்காலத்தில் அது வளைந்தது. 2020ஆம் ஆண்டுத் தற்காலிகச் சட்டம், மார்ச் 18 முதல் ஜூன் 9 வரையிலான 84 நாட்களை இக்கெடுவில் சேர்த்தெண்ணாது விலக்கிற்று. நாடே கதவடைத்திருந்த காலத்தில் எவரும் முறையிட இயலாது என்பதை அரசு உணர்ந்தது. நாட்டுக்கு வந்த இடரைப் பொறுத்த சட்டம், பிரசவத்தில் கிடந்த ஒருத்தியின் இடரையும், மருத்துவமனையில் கிடந்த ஒருவனின் இடரையும் பொறுத்தல் ஆகாதோ? 2021 முதல் முறையீடுகள் அமைச்சரின் விருப்பத்தைக் கடவாமல் நேரே தொழில் நீதிமன்றம் செல்லும்படி திருத்தம் செய்தோர், இவ்வொரு வாசகத்தையும் சேர்த்திருக்கலாம்: தக்க காரணம் காட்டின் தாமதம் பொறுக்கப்படும் என்று.

அவ்வாசகம் வரும்வரை நாம் வாளாவிருத்தலாகாது. தோட்டக் காரியாலயங்களில் எழுதுகோல் பிடிக்கும் நாம், நீக்கக் கடிதத்தோடு வருபவனுக்கு அறுபதாம் நாள் இன்ன தேதி என்று கணக்கிட்டுத் தமிழில் எழுதிக் கொடுத்தல் வேண்டும். பேச்சு வார்த்தை ஒருபுறம் நடக்கட்டும். முறையீடு மறுபுறம் உரிய நாளில் போய்ச் சேரட்டும். சங்கத்தாரும், ஆசிரியரும், கோயிற் கூட்டத்தில் பேசுவோரும் இதனை ஊர்தோறும் எடுத்துரைப்பாராக.