எந்த லினக்ஸ்? தமிழ்நாடு தேர்ந்தெடுத்த கதை

லினக்ஸ் போடலாம் என்று முடிவு செய்வது எளிது. எந்த லினக்ஸ் என்று கேட்கும்போதுதான் தலைவலி ஆரம்பம்!

1991 ஆகஸ்டில் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அறிவித்தது கெர்னல் எனப்படும் கருவை மட்டுமே. அதனுடன் குனூ கருவிகள், திரைமுகப்பு, எழுத்துருக்கள், மென்பொருள் நிறுவும் வசதி எல்லாம் சேர்த்துக் கட்டிய பொட்டலத்துக்குத்தான் வழங்கல் என்று பெயர். 1993இல் ஸ்லாக்வேரும் டெபியனும் வந்தன. பிறகு ரெட் ஹாட், ஜெர்மனியின் சூசே, 2004இல் உபுண்டு என்று பட்டியல் நீண்டது.

குறுந்தகடு காலம்

அன்றைக்குத் தேர்வைத் தீர்மானித்தது தரம் அல்ல, கையில் கிடைத்த சிடி! 700 எம்பி கோப்பை 56 கேபிபிஎஸ் மோடத்தில் இறக்க, இணைப்பு ஒருமுறைகூட அறுந்துபோகாமல் இருந்தாலும், 29 மணி நேரம் ஆகும். அதனால் 2003இல் தொடங்கிய 'லினக்ஸ் ஃபார் யூ' இதழோடு வந்த சிடி பலருக்கு முதல் லினக்ஸ் ஆனது. உபுண்டு ஒரு படி மேலே போய், கேட்டவர்களுக்கெல்லாம் தபாலில் இலவசமாகவே சிடி அனுப்பியது. 2011இல் அந்தச் சேவை நின்றது.

எல்காட்டும் சூசேவும்

தனி மனிதருக்கே இத்தனை குழப்பம் என்றால் ஓர் அரசாங்கத்துக்கு? 2007 வாக்கில், உமாசங்கர் இ.ஆ.ப. மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸைத் தேர்ந்தெடுத்தது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். சூசேவில் யாஸ்ட் என்ற ஒரே கருவியில் பிரின்டர், நெட்வொர்க், பயனர் கணக்கு எல்லாவற்றையும் அமைத்துவிடலாம். கட்டளை வரியைக் கண்டாலே பயப்படும் அலுவலர்களுக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. அரசு அலுவலகங்கள் பழகியிருந்தது வானவில் எழுத்துருக்களுக்கு. அவை யூனிகோட் முறையில் அமைந்தவை அல்ல. பழைய கோப்புகளை மாற்றாமல் புதிய கணினியில் திறந்தால் தமிழ் வராது, ஏதேதோ எழுத்துகள்தான் வரும். இயங்குதளத்தை ஒரே நாளில் மாற்றிவிடலாம், கோப்புகளை மாற்ற முடியுமா?

கல்லாவி வரை வந்த பாஸ்

இதற்கிடையில் சென்னை சி-டாக் மையம் டெபியனை அடிப்படையாக வைத்து 'பாஸ்' என்ற இந்திய வழங்கலை உருவாக்கியது. அது வெளிவந்தது 2007இல். தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்கான வசதி அதன் சிறப்பு.

2011 செப்டம்பர் 15 அன்று இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. முதல் ஆண்டுக்கு மட்டும் 9.12 லட்சம் மடிக்கணினிகளுக்கு எல்காட் டெண்டர் கோரியது. அவற்றில் விண்டோஸும் பாஸும் சேர்ந்தே இருந்தன. ஊத்தங்கரை வட்டத்துக் கல்லாவி போன்ற ஊர்களில் அரசுப் பள்ளியில் படிக்கும் பிளஸ் டூ மாணவருக்கும் பொத்தானை அழுத்தியதும் இரண்டு பெயர்கள் தெரிந்தன. உலகின் பணக்கார நாடுகளில்கூட எல்லா மாணவருக்கும் கிடைக்காத வாய்ப்பு இது!

ஆனால் பாஸைத் திறக்க அந்த மாணவருக்கு என்ன காரணம் இருந்தது? அப்போதைய பிளஸ் டூ கணினி அறிவியல் புத்தகம் ஸ்டார் ஆஃபீசும் சி பிளஸ் பிளஸும் கற்பித்தது. இரண்டையும் விண்டோஸிலேயே செய்து முடித்துவிடலாம். பாஸில் ஏதாவது சிக்கல் என்றால் கேட்க வேண்டிய ஆட்கள் சென்னையிலும் எல்லை தாண்டி பெங்களூரிலும் இருந்தார்கள். சென்னை லினக்ஸ் பயனர் குழு கூடியது ஐ.ஐ.டி. வளாகத்தில். கல்லாவியிலிருந்து அது எவ்வளவு தூரம்!

கேரளா செய்தது

பக்கத்து மாநிலம் வேறு வழியில் போனது. கேரளாவின் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் முதலில் டெபியனையும் பின்னர் உபுண்டுவையும் அடிப்படையாகக் கொண்டு பள்ளிகளுக்கென்றே ஒரு வழங்கலை அமைத்தது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. பத்தாம் வகுப்பு ஐ.டி. தேர்வையே லினக்ஸில் நடத்தியது. தேர்வு என்று வந்துவிட்டால் படிக்காமல் இருக்க முடியுமா?

தமிழ்நாட்டிலும் 2018இல் வந்த புதிய பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் விண்டோஸுடன் உபுண்டுவும், ஓப்பன் ஆஃபீசும் இடம்பெற்றன. கணினி வந்து ஏழு ஆண்டுகள் கழித்துத்தான் பாடம் வந்தது. 2012இல் தொடங்கிய 'கணியம்' இணைய இதழ் தமிழிலேயே கட்டற்ற மென்பொருளை விளக்கி அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பியது.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது?

சூசே, பாஸ், உபுண்டு மூன்றுமே நல்ல வழங்கல்கள். எல்லாவற்றுக்கும் உள்ளே இருப்பது ஒரே லினக்ஸ் கருதான். வேறுபாடு வெளியே இருக்கிறது: சிக்கல் வந்தால் யாரிடம் கேட்பது, தமிழில் விளக்கம் உண்டா, பாடத்தில் இருக்கிறதா. கேரளா முதலில் இந்தக் கேள்விகளுக்கு விடை தேடியது. தமிழ்நாடு முதலில் கணினியைக் கொடுத்தது.

சொந்தக் கணினிக்கும் இதே கணக்குதான். நண்பர் எதைப் பயன்படுத்துகிறாரோ அதையே போடுவது சோம்பேறித்தனம் அல்ல. இரவு பத்து மணிக்கு வைஃபை வேலை செய்யாதபோது உதவப்போவது அவர்தான்!