அயல்மண்ணில் வேரூன்றிய மற்கலைக் கூடம்

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு வேற்றூர் சென்று வாழ்வோர்க்கு, வேலை கிடைத்துக் குடியிருக்க இடமும் அமைந்த பின்னர் மூன்றாவதாக ஒரு தேவை எழுகின்றது. மாலைப்பொழுதில் நாலு பேருடன் கூடுதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதே அது. சிலர்க்கு அது கோயில், சிலர்க்கு இசையரங்கு, சிலர்க்குச் சங்கம். உடலுரத்தையும் மனவுரத்தையும் ஒருங்கே நாடும் இளைஞர்க்கோ அது பயிற்சிக்கூடம். மராட்டிய நாட்டார் அதனைத் ‘தாலிம்’ என்பர். வடநாட்டார் ‘அகாடா’ என்பர். நாம் சிலம்பக்கூடம் என்போம். மலேயாத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர் தம் மூட்டை முடிச்சுகளோடு சிலம்பத்தையும் கொண்டு சென்றனர். அதனால் அக்கலை இன்றும் அந்நாட்டில் வழங்கி வருகின்றது.

தொழில் கருதி அயல்நாடு சென்றவர்கள் அங்கே ஒரு மற்கலைக் கூடத்தைத் தேடி அடைந்ததும், அத்தகைய கூடம் இல்லாத இடத்தில் தாமே ஒன்றை நிறுவியதும் வரலாற்றில் பதிந்துள்ளன. ஜப்பானுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே நிகழ்ந்த அவ்வரலாறு, வெளியூரிற் சங்கம் அமைத்து வாழும் நம்மனோர் எண்ணிப் பார்த்தற்கு உரியது.

ஆசானைத் தேடிய மாணவர்

1868-ஆம் ஆண்டில் ஜப்பானில் ஆட்சிமுறை மாறிற்று. மேலைநாட்டு நாகரிகத்தின்பால் எழுந்த வேட்கையில் பழைய போர்க்கலைகள் மதிப்பிழந்தன. ‘ஜுஜுத்ஸு’ என்னும் ஆயுதமில்லா மற்கலையில் வல்ல ஆசான்கள் பலர், எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் வைத்தியத்தால் வயிறு வளர்த்தனர். நம் நாட்டு வர்ம ஆசான்களை நன்கறிந்த நமக்கு இது வியப்பன்று. டோக்கியோவில் கல்வி பயின்ற கானோ ஜிகோரோ என்னும் மெலிந்த இளைஞர், ஆசானைக் காண வழியறியாது எலும்பு வைத்தியர்களின் வீட்டு வாயில்களில் ஏறி இறங்கினார். 1877-இல் அவ்வாறு ஒரு வைத்தியர் காட்டிய வழியிற் சென்றே ‘தென்ஜின் ஷின்யோ’ மரபைச் சார்ந்த ஓர் ஆசானை அடைந்தார்.

ஐந்தாண்டுகளுக்குப் பின், 1882-இல், கானோ ஒரு பௌத்தக் கோயிலின் பகுதியில் தம் ‘கோடோகன்’ பள்ளியைத் தொடங்கினார். தரையில் விரித்தவை 12 பாய்கள், மாணவர் ஒன்பதின்மர். பழைய முறைகளில் உயிர்க்கு ஊறு செய்வனவற்றை ஒதுக்கி, எஞ்சியவற்றைக் கல்வியாக்கி, ‘ஜூடோ’ என்று பெயரிட்டார். எதிரியை எறியக் கற்குமுன் தான் அடிபடாமல் விழக் கற்க வேண்டும் என்பது அப்பள்ளியின் தொடக்கப் பாடம்.

பெங்களூரிற் பிறந்த பொறியாளர்

இக்கலையை இங்கிலாந்திற்குக் கொண்டு சென்றவர்களுள் முன்னவரான எட்வர்டு வில்லியம் பார்ட்டன்-ரைட், 1860-ஆம் ஆண்டில் நம் பெங்களூரிற் பிறந்தவர். அவருடைய தந்தையார் பழைய சென்னை ரயில்வேயில் எஞ்சின் பகுதிக்குத் தலைமை வகித்தவர். மைந்தரும் பொறியாளராகிப் பல நாடுகளிற் பணிபுரிந்து, 1890-ஆம் ஆண்டுகளின் இடையில் ஜப்பானை அடைந்தார். கோபி நகரில் வாழ்ந்த மூன்றாண்டுக் காலத்தில், பகலில் தொழிலும் ஓய்வில் ஜுஜுத்ஸுப் பயிற்சியுமாக நாள்களைக் கழித்தார்.

1898-இல் லண்டன் திரும்பியவர், தம் பெயரையும் கலையின் பெயரையும் பிணைத்துப் ‘பார்ட்டிட்ஸு’ என்ற புதுச்சொல்லைப் படைத்தார். சோஹோப் பகுதியில் ஒரு பயிற்சிக் கழகமும் திறந்தார். மேலைநாட்டுக் குத்துச்சண்டை, ஜப்பானியப் பிடிகள், சுவிட்சர்லாந்து நாட்டுப் பியேர் விக்னி கற்பித்த கைத்தடிச் சண்டை ஆகிய யாவும் அங்கே ஒரு கூரையின்கீழ்ப் பயிற்றப்பட்டன. 1900-இல் யுகியோ தானி என்னும் பத்தொன்பது வயது இளைஞரும், அவரையடுத்து உயெனிஷி என்பவரும் ஜப்பானிலிருந்து வரவழைக்கப்பட்டனர். ஷெர்லக் ஹோம்ஸ் அருவியின் விளிம்பில் உயிர் தப்பியது இக்கலையின் திறத்தால் என்று கானன் டாயில் 1903-இல் எழுதினார். கலையின் பெயரை மட்டும் ‘பாரிட்ஸு’ எனத் திரித்துவிட்டார்.

இத்துணைப் புகழிருந்தும் அக்கழகம் 1902-ஆம் ஆண்டளவில் மூடப்பட்டது. கட்டணம் மிக உயர்ந்திருந்தது; செல்வரும் படைத்தலைவருமே உட்புகுந்தனர்; நிறுவியவர்க்கும் ஆசான்களுக்கும் இடையே பிணக்கும் நேர்ந்தது. ஒருவர் பெயரால் எழுந்த கூடம் அவ்வொருவரின் ஊக்கம் தளர்ந்ததும் சாய்ந்தது.

வேலையிழந்த தானி நாடக அரங்குகளில் மற்போர் செய்து பிழைத்தார். குறித்த நேரம் தம்மை எதிர்த்து நிற்பார்க்குப் பரிசு என்று அறைகூவி, தம்மினும் பெருத்த உடலினரை நாள்தோறும் வீழ்த்தினார். உயெனிஷியோ கோல்டன் சதுக்கத்தில் பள்ளி நடத்தினார். அங்குப் பயின்ற ஈடித் காருட் என்னும் அம்மையார், வாக்குரிமைக்குப் போராடிய பெண்களுக்கு இக்கலையைக் கற்பித்தார். அம்மாதர், 1913-இல் தம் தலைவியர்க்கு மெய்காவற்படையாக நின்று போலீசாரை எதிர்கொண்டனர். அயலவர் கொணர்ந்த வித்து, எதிர்பாரா வயலிலும் முளைத்தது.

யோகோஹாமாவில் ஒரு பத்திரிகையாளர்

இதே காலத்தில் மற்றோர் ஆங்கிலேயர் ஜப்பானிலேயே தங்கிக் கலை பயின்றார். மான்செஸ்டரிற் பிறந்த ஈ. ஜே. ஹாரிசன் என்ற பத்திரிகையாளர், 1897-இல் யோகோஹாமா சேர்ந்தார். அங்கே ‘தென்ஜின் ஷின்யோ’ மரபுக் கூடம் ஒன்றிற் புகுந்து, பின்னர் டோக்கியோவில் கோடோகன் மாணவரானார்; அயல்நாட்டாருள் கருங்கச்சைத் தகுதியை முதன்முதல் பெற்றவர்களுள் ஒருவரானார். கூடத்தில் அவர் வெளிநாட்டார் என்னும் தனிநிலை பெறவில்லை. மற்ற மாணவர்போல் பாயில் விழுந்தார். விழுந்தெழுந்தே அந்நாட்டு மக்களின் மொழியையும் மனத்தையும் அறிந்தார். அவ்வறிவு பின்னர் நூல்களாக வெளிவந்தது.

லண்டனில் ஒரு வீரநெறிக் கழகம்

இனி இவ்வரலாற்றின் நடுநாயகரைக் காண்போம். கொய்சுமி குன்ஜி 1885-இல் ஜப்பானிய உழவர் குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தித் தொழில் பழகி, டோக்கியோவில் ‘தென்ஜின் ஷின்யோ’ முறையையும் கற்றார். மின்சாரத் தொழிலை மேலைநாட்டிற் பயில வேண்டும் என்ற அவாவினால், சிங்கப்பூர், இந்தியா முதலிய இடங்களில் தங்கித் தங்கிக் கப்பலேறி, 1906-இல் பிரிட்டன் சேர்ந்தார். சிறிது காலம் அமெரிக்காவிலும் உழைத்தார். 1910-இல் லண்டனுக்கே மீண்டு, ஜப்பானிய அரக்கு மெருகுப் பொருள்களைச் செப்பனிடும் தொழிலில் நிலைபெற்றார்.

தொழிலில் வேரூன்றியதும் அவர் உள்ளத்தில் பழைய நாட்டம் தலைதூக்கிற்று. 1918-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள், உலகப்போர் இன்னும் ஓயாத வேளையில், விக்டோரியா நிலையத்தை அடுத்த லோயர் கிராவ்னர் பிளேஸில் ‘புடோக்வாய்’ என்ற கழகத்தைத் திறந்தார். வீரநெறிக் கழகம் என்பது அதன் பொருள். தானி தலைமை ஆசானாக அமர்ந்தார். மற்கலையோடு வாட்பயிற்சியும், ஜப்பானியப் பண்பாடு பற்றிய சொற்பொழிவுகளும் இடம்பெற்றன. ஜப்பானியரும் ஆங்கிலேயரும், பின்னர்ப் பெண்டிரும், ஒரே பாயிற் பயின்றனர். ஹாரிசனும் நாடு திரும்பிய பின்னர் இக்கழகத்திற் சேர்ந்தார். கொய்சுமியின் சோற்றுக்கு வழி அரக்குத் தொழிலே. கழகம் அவர்க்கு வருவாய் தரும் கடையாக இருக்கவில்லை. இதுவே முந்தைய கூடத்திற்கும் இதற்கும் இடையே நின்ற பெரிய வேற்றுமை.

1920-இல் கானோ, ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக் விழாவிற்குச் செல்லும் வழியில் லண்டன் வந்தார். கொய்சுமியும் தானியும் அவருடைய பரந்த நோக்கைக் கண்டு, தாம் பல்லாண்டு பயின்ற பழைய முறையை விட்டு ஜூடோ நெறியைத் தழுவினர். கானோ இருவர்க்கும் இரண்டாம் படித் தகுதி வழங்கினார். முப்பது வயதைக் கடந்த பின், பெயர் பெற்ற ஆசான்களாய் இருந்தும், மீண்டும் மாணவராக இசைந்த அப்பணிவு எளிதில் வருவதன்று. இக்கழகத்திற் பயின்ற சாரா மேயர் என்ற ஆங்கிலப் பெண்மணி ஜப்பான் சென்று, 1935-இல் கியோட்டோவில் கருங்கச்சை பெற்றார். அடைதற்கரிய கதவு பெண்ணொருத்திக்கும் திறந்தது.

பகையிலும் அழியாத நட்பு

1941 டிசம்பரில் ஜப்பானும் பிரிட்டனும் போர்க்களத்தில் பகைவராயின. இக்கழகத்தின் மாணவர் டிரெவர் லெகெட், அப்பொழுது டோக்கியோவில் பிரிட்டிஷ் தூதரகப் பணியில் இருந்தார். அவர் காவலில் வைக்கப்பட்டு, 1942-இல் கைதிகள் மாற்றத்தின்போது விடுதலை பெற்றார். சிங்கப்பூரும் பர்மாவும் வீழ்ந்தன. சயாம் மரண ரயில் பாதையிலே பிரிட்டிஷ் கைதிகளும், மலேயாத் தமிழ்த் தொழிலாளரும் ஆயிரமாயிரவராய் மடிந்தனர். ஜப்பானியர் என்ற சொல்லே இங்கிலாந்தில் வெறுப்புக்கு இலக்காயிற்று.

போர் முடிந்து மூன்றாண்டுகளே கழிந்த 1948 ஜூலையில் பிரிட்டிஷ் ஜூடோச் சங்கம் அமைந்தது. ஆங்கிலேயர் அதன் முதல் தலைவராக ஏற்றது கொய்சுமியை. அதே திங்களில் லண்டனில் ஐரோப்பிய ஜூடோ ஒன்றியமும் உருவாயிற்று. முப்பதாண்டுக் காலம் மாலைதோறும் ஒருவரையொருவர் பிடித்து, வீழ்த்தி, கைகொடுத்துத் தூக்கிவிட்ட பழக்கத்தை அரசுகளின் பகையால் அறுக்க இயலவில்லை. தானியும் 1937-இல் பக்கவாதத்தால் உடல் தளர்ந்த பின்னும் பாயின் ஓரத்தில் அமர்ந்து கற்பித்து, 1950-இல் மறைந்தார்.

அவ்வாண்டிலேயே கொய்சுமி ஒரு நற்செயல் புரிந்தார். உலகம் மறந்துவிட்ட முதியவர் பார்ட்டன்-ரைட்டைத் தேடிக் கண்டு உரையாடி, அவரைக் கழகத்தின் அவையில் முன்னிறுத்திச் சிறப்பித்தார். அடுத்த ஆண்டில் அம்முதியவர் வறுமையில் இறந்தார். அவர் கல்லறைக்குப் பெயர்க்கல்லும் இல்லை. எனினும், வித்திட்டவரை விளைச்சல் கண்டோர் ஒருமுறையேனும் வணங்கினர் என்பது ஆறுதல்.

1964 அக்டோபரில், டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ முதன்முதலாக இடம்பெற்றது. எடைவரம்பற்ற பிரிவின் இறுதிப் போட்டியில் ஆன்டன் கீசிங்க் என்ற ஹாலந்து நாட்டார், ஜப்பானிய வீரர் கமினாகாவை அவர்தம் மண்ணிலேயே வென்றார். களிப்பால் பாயின்மீது பாய்ந்து வர முயன்ற தம் நாட்டவரைக் கையுயர்த்தித் தடுத்து, தோற்றவர்க்கு உரிய மரியாதையைச் செலுத்தினார். கலை ஐரோப்பாவிற்குச் சென்றபோது பண்பும் உடன் சென்றது என்பதற்கு வேறு சான்று வேண்டா. கொய்சுமி மறுஆண்டில் காலமானார். அவர் நிறுவிய கழகம் 2018-இல் நூற்றாண்டு கண்டது.

நாம் கொள்ளத்தக்கது

நம் நாட்டிலும் இவ்வுண்மையை உணர்ந்தோர் உளர். கவி தாகூர் 1929-இல் தகாகாகி என்னும் ஜூடோ ஆசானைச் சாந்திநிகேதனத்திற்கு வரவழைத்து வங்க இளைஞர்க்குப் பயிற்சி அளிக்கச் செய்தார்.

வெளியூரில் வாழும் ஓர் இனத்தார் அமைக்கும் கழகம் இருவகையாக நடத்தல் கூடும். தம்மவர் மட்டும் கூடித் தாயகத்தை நினைந்து மகிழும் இல்லமாக அது அமையலாம், அதுவும் வேண்டுவதே. ஆயின், பிள்ளைகள் வளர்ந்து வேறிடம் சென்றதும் அவ்வில்லத்தில் விளக்கேற்ற ஆளிராது. மற்றொரு வகை, அண்டை அயலாரையும் அழைத்து, நம்மிடம் உள்ள நல்லதை அவர்க்கும் கற்பித்தல். கொய்சுமி பின்னதைத் தேர்ந்தார். ஜப்பானியர்க்கு மட்டும் என்று அவர் வாயிலை அடைத்திருப்பின், 1941-இல் அக்கழகம் ஆளின்றி அழிந்திருக்கும். ஆங்கிலேயர் அதனைத் தமதாகக் கொண்டமையாலேயே அது நின்றது.

நம் சங்கக் கூடத்தில் தமிழ் வகுப்பு நிகழுங்கால் பக்கத்து வீட்டு மராட்டியரோ வங்காளியரோ பஞ்சாபியரோ ஒருவரேனும் பலகையில் வந்து அமர்கின்றாரா? சிலம்பமும் கும்மியும் ஆண்டுவிழா மேடையோடு முடிந்துவிடாமல், இவ்வூர்ச் சிறுவர்க்கும் வாரந்தோறும் கற்பிக்கப்படுகின்றனவா? அவ்வாறே நாமும் இவ்வூராரின் தாலிமுக்கும் அகாடாவுக்கும் சென்று, அவர்தம் மண்ணில் விழுந்தெழக் கற்கின்றோமா? இவ்வினாக்களை அன்பர்கள் இவ்வாண்டு விழா நாளில் தமக்குள் எழுப்பிக்கொள்வார்களாக. விழக் கற்றவன் எவ்வூரிலும் எழுவான். கற்பிக்கத் துணிந்தவனுக்கு எவ்வூரிலும் உறவு உண்டு.