இடைக்காலப் படங்கள்: பண்ருட்டியின் உள்நகர்த் தெருக்களும் வண்ணப் புகைப்படச் சான்றும்

பண்ருட்டி நான்குமுனைச் சந்திப்பின் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தையும் இன்றைய படத்தையும் அடுத்தடுத்து வைத்து ‘அன்றும் இன்றும்’ என்று தலைப்பிடுவது நம் சிறப்பு மலர்களில் வழக்கமாகிவிட்டது. இவ்வகை இணைப்படங்கள் மாற்றம் நேர்ந்தது என்பதைக் காட்டுகின்றன. எப்போது, எந்த வரிசையில், எதனால் நேர்ந்தது என்பதை மறைத்துவிடுகின்றன. நகர வரலாற்றுக்கு வேண்டியவை இரு முனைகளுக்கும் நடுவே விழுந்துபோன படங்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம். பண்ருட்டி போன்ற ஊர்களில் அவை ஏறத்தாழ 1980 முதல் 2005 வரை எடுக்கப்பட்ட வண்ணப் படங்கள். அவற்றைத்தான் இன்று எவரும் ஆவணமாக எண்ணுவதில்லை.

தெருக்களைப் பதிவுசெய்யும் மரபு மேலைநாடுகளில் அரசுப் பணியாகவே தொடங்கியது. பாரிஸ் நகரம் புதுச் சாலைகளுக்காகப் பழைய சந்துகளை இடித்தபோது, அவற்றைப் படமெடுக்கும் பொறுப்பை நகர நிர்வாகம் சார்ல் மார்வில்லிடம் ஒப்படைத்தது. கிளாஸ்கோவின் நெரிசலான சந்துகளைத் தாமஸ் அன்னான் 1868 முதல் 1871 வரை எடுத்தார். அவரைப் பணித்தது அந்தச் சந்துகளை அகற்றுவதற்கென்றே அமைந்த நகர மேம்பாட்டு அமைப்பு. ஆக, அவை இடிப்புக் கோப்பின் ஒரு பகுதி. தமிழகத்திலோ அந்த அளவுக்குக்கூடத் தெருக்கள் பொருட்படுத்தப்படவில்லை. சென்னை மாகாண அரசுக்காக 1858இல் சுற்றுப்பயணம் செய்த லின்னேயஸ் டிரைப் மதுரை, தஞ்சை, ஸ்ரீரங்கத்துக் கோயில்களையும் அரண்மனைகளையும் எடுத்தார். 1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பெரும் படத்தொகுப்பிலும் கோயிலுக்கும் சிற்பத்துக்குமே முதலிடம். கோபுரத்தைச் சுற்றியிருந்த வீடுகள் சட்டகத்தின் ஓரத்தில் தற்செயலாக அகப்பட்டவை.

பண்ருட்டிக்கு அருகிலுள்ள சுரங்க நகரான நெய்வேலியின் பொதுப் படங்களும் அப்படியே. 1956இல் சுரங்க நிறுவனம் பதிவானது, 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தது, 1961இல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது, மறு ஆண்டு மின் உற்பத்தி தொடங்கியது ஆகியவை படங்களில் கொண்டாடப்படுகின்றன. மண்ணை வாரும் ராட்சத எந்திரத்தின் படம் ஊரின் சின்னமாகவே ஆகிவிட்டது. அந்த எந்திரத்தின் முன்னே இருந்த ஊர்களின் தெருக்கள் எப்படி இருந்தன என்று கேட்டால் காட்டுவதற்குப் படம் கிடைப்பது அரிது. பக்கத்து வடலூர் வள்ளலாரைப் பலமுறை படமெடுத்தும் உடை மட்டுமே பதிந்தது, உருவம் பதியவில்லை என்று ஒரு மரபுச் செய்தி உண்டு. அது அன்பர்களின் நம்பிக்கை; ஆனால் இந்த வட்டாரத்தின் புகைப்பட வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் அது எனக்கு நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

தொகுப்பாளர்களின் பார்வை அண்மைக்காலத்தில் ஸ்டுடியோக்கள் பக்கம் திரும்பியிருக்கிறது. பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுறும் ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையோடு, அதே பிரெஞ்சு நிறுவனம் தமிழகத்தின் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடித் தொகுத்தது. மிக நல்ல பணி. ஆனால் ஸ்டுடியோப் படத்தில் முகம் உண்டு, உடை உண்டு, தெரு கிடையாது. பின்னால் தொங்குவது தீட்டிய திரைச்சீலை. தெரு படத்துக்குள் வந்தது கேமரா ஸ்டுடியோவை விட்டு வெளியே நடந்தபோதுதான், அதாவது கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கட்சி ஊர்வலத்துக்கும் வண்ணப் படம் எடுப்பது நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுபடியான பிறகு.

மாப்பிள்ளை அழைப்புப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பூ அலங்காரம் செய்த கார், முன்னே நாதஸ்வரம், தலையில் விளக்குச் சுமந்து வரும் இருவர். ஃபிளாஷ் வெளிச்சம் பத்துப் பதினைந்து அடிக்கு மேல் எட்டாது. நெடுஞ்சாலையில் எடுத்த படத்தில் மாப்பிள்ளைக்குப் பின்னால் இருட்டுதான். குறுகலான உள்தெருவில் எடுத்திருந்தால் அதே வெளிச்சம் வீட்டு வாசல்வரை போய்த் தொடுகிறது: ஓட்டுச் சரிவு, திண்ணைத் தூண், பாதி மறைந்த மஞ்சள் நிற எஸ்டிடி பூத் பலகை, சாக்கடை, அதன் மேல் போட்ட கருங்கல் பலகை, வாசற்படிகள். படம் எடுத்தவருக்கு இவற்றில் ஒன்றும் தேவைப்படவில்லை. ஆய்வாளருக்கு எல்லாமே தேவை.

அதிலும் வாசற்படிகளை எண்ண வேண்டும். “ரோடு போட்டுப் போட்டு வீடு பள்ளத்துக்குப் போயிடுச்சு” என்று நம் ஊர்களில் சொல்லாத தெரு இல்லை. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச் சாலை போட்டால் மட்டம் உயர்ந்துகொண்டே போகும். மழைநீர் வீட்டுக்குள் வரும். பிறகு திண்ணையை உடைத்து வாசலை உயர்த்துவார்கள், அல்லது வீட்டையே இடிப்பார்கள். சுரண்டிவிட்டுத்தான் சாலை போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலர் இறையன்பு அறிவுறுத்த நேர்ந்தது. ஒரே வாசலின் கல்யாணப் படங்களை ஆண்டுவாரியாக அடுக்கினால் எத்தனை படிகள் எப்போது மறைந்தன என்று சொல்லிவிடலாம். நகராட்சியின் அளவைப் புத்தகம் காட்டுவது போட்ட சாலையின் நீள அகலத்தை. அந்தச் சாலை வீட்டு வாசலுக்குச் செய்ததைக் காட்டுவது ஆல்பம்.

இணைப்படங்கள் எப்படித் தவறாக வழிநடத்தும் என்பதற்குக் கூரை ஒரு சான்று. 1990இல் ஓட்டு வீடு, இன்று கான்கிரீட் மாடி. இவ்விரண்டையும் மட்டும் பார்ப்பவர் முந்திரி வியாபாரமோ வெளிநாட்டுச் சம்பாத்தியமோ கட்டிய மாடி என்று முடிவுகட்டுவார். நடுவில் 2011 டிசம்பர் 30 இருக்கிறது. அன்று கரையைக் கடந்த தானே புயல் பலா, முந்திரித் தோப்புகளைச் சாய்த்தது. வீடுகளின் ஓடுகளையும் பிய்த்தெறிந்தது. ஓட்டுக் கூரை போய்த் தகரம் வந்து, தகரம் போய்க் கடன் வாங்கிப் போட்ட தளம் வந்திருந்தால், அது வளத்தின் கதையன்று, கடனின் கதை. அந்தத் தகரக் கூரைப் படம் கிடைத்தால்தான் இது தெரியும். அதைத் தேடிப் பாதுகாப்பவர் யார்? அது பழமையும் அன்று, அழகும் அன்று. அமெரிக்க நகரங்களின் நலிந்த தெருக்களில் ஒரே முனைகளுக்குப் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்பச் சென்று படமெடுத்த கமிலோ ஹோசே வெர்காரா இதை நன்கு உணர்ந்தவர். வரிசையில் ஒரு படம் விடுபட்டால் காரணமும் அதனோடு விடுபடுகிறது.

நெய்வேலி நகரியத்தில் இத்தகைய வரிசை இன்னும் எளிதாகக் கிடைக்கும். வட்டம் வட்டமாக ஒரே அச்சில் கட்டிய குவார்ட்டர்ஸ். ஆகவே வேலி, மரம், கொட்டகை என ஒவ்வொரு குடும்பம் சேர்த்ததும் படத்தில் தனித்துத் தெரியும். பணி ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பண்ருட்டியிலோ வடலூரிலோ குடியேறும் குடும்பம் கையோடு எடுத்துவரக்கூடியது ஆல்பம் ஒன்றே.

அந்த ஆல்பங்களோ அழிந்துகொண்டிருக்கின்றன. வண்ண அச்சின் சாயங்கள் வெப்பத்திலும் ஈரத்திலும் வெளுத்துப் படம் செம்பழுப்பாகிறது. பிசின் தடவிய ஆல்பப் பக்கம் படத்தை விடுவதில்லை, பிரித்தால் கிழிகிறது. டிஜிட்டலுக்கு மாறிய ஸ்டுடியோக்கள் பலவும் நெகட்டிவ்களைக் குப்பையில் சேர்த்துவிட்டன. நூறாண்டுப் பழைய கறுப்பு வெள்ளைப் படம் இவற்றைவிடத் திடமாக இருக்கிறது.

இந்தச் சான்றின்மேல் ஒரு கடுமையான ஆட்சேபம் உண்டு, அது நியாயமானது. கல்யாண ஊர்வலம் எல்லாத் தெருவிலும் போவதில்லை. அதன் பாதை சாதியின் பாதை. சேரித் தெருக்கள் பிறர் வீட்டு ஆல்பங்களில் இடம்பெறவில்லை. அங்கே கேமராக்காரரை அமர்த்தும் வசதியும் தாமதமாகத்தான் வந்தது. எனவே ஆல்பங்களை மட்டும் நம்பி எழுதும் நகர வரலாறு பாதி ஊரின் வரலாறாகவே இருக்கும். தொகுப்பு வீடு திறப்பு விழா, தலைவர் சிலை திறப்பு, பள்ளி ஆண்டுவிழா, இறுதி ஊர்வலம் ஆகியவற்றின் படங்களை அங்கே தனியே தேடித்தான் ஆக வேண்டும்.

எதிர்பாராத வேறொரு தொகுதியும் உருவாகியிருக்கிறது. 2015இல் தொடங்கிய பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் அடித்தளம், சுவர், கூரை எனக் கட்டம் கட்டமாக இடக்குறியீட்டோடு படமெடுத்து ஏற்றினால்தான் தவணைப் பணம் விடுவிக்கப்படும். பயனாளி, பாதி எழுந்த சுவருக்கு முன் நிற்கிறார். பின்னால் பழைய குடிசையும் பக்கத்து வீடும் தெருவும் தெரிகின்றன. இதுவரை எவரும் படமெடுக்காத தெருக்களின் இடைக்காலம் நாளும் இடமும் பிசகாமல் பதிவாகிறது, தவணைக் கணக்குக்காக மட்டும். கணக்கு முடிந்ததும் இந்தப் படங்களை அழித்துவிடாமல் இருப்பது நகராட்சியும் மாவட்ட ஆவணக் காப்பகமும் இன்றே எடுக்க வேண்டிய முடிவு. அவற்றை வெளியே காட்டுவதற்குப் படத்தில் நிற்பவரின் சம்மதம் வேண்டும். படத்திலுள்ள வாசல் யாருடையது, ஓரத்தில் நிற்கும் மரம் எப்போது போனது என்பதைச் சொல்லவும் அவரிடம்தான் போக வேண்டியிருக்கும்.